பூட்டியின் பெயரைத் தேடி அச்சுவேலிக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து அச்சுவேலிக்குப் போக வழிகள் பல உண்டு. கோப்பாயிலிருந்து செல்லும் இராச வீதி அவற்றுள் பழையது. நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைக் கடந்து போகலாம். இருபக்கமும் செம்பாட்டுத் தோட்டங்கள். கிழக்கே சிறுப்பிட்டியும் புத்தூரும் ஆவரங்காலும். அச்சுவேலிச் சந்தையைத் தாண்டி வடக்கே போனால் இடைக்காடு, வளலாய், பிறகு கடல். மேற்கே தெல்லிப்பழை. கிழக்கே வல்லை வெளியைக் கடந்தால் உடுப்பிட்டி. தெல்லிப்பழையும் உடுப்பிட்டியும் அமெரிக்க மிசனின் பழைய நிலையங்கள். இந்தக் கட்டுரைக்கு அவை இரண்டும் தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

2025இல் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் லண்டனிலிருந்து வந்த தங்கச்சியுடன் நான் அச்சுவேலிக்குப் போனேன். தங்கச்சி என் சின்னம்மாவின் மகள். அவள் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஓர் ஆங்கிலேயரைத் தேடி வந்திருந்தாள்.

வீட்டில் இருந்த ஒரு கதை

என் அம்மாவுடைய பூட்டிக்கு இரண்டு சொல்லில் அமைந்த ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. வேறு பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. அவர் அச்சுவேலியில் பிறந்தவர், உடுவிலில் மிசன் விடுதியில் இருந்து படித்தவர் என்பது மட்டும் தெரியும். அவருடைய பிள்ளைகள் சைவக் குடும்பங்களில் மணம் முடித்து, குடும்பம் மீண்டும் சைவமாகிவிட்டது. ஆனால் பெயர் மட்டும் பேச்சில் நின்றது.

அந்தப் பெயரைச் சுற்றி ஒரு கதையும் வளர்ந்திருந்தது. வீட்டு ஆண்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்களுக்கு இங்கிலீசு ரத்தம் ஓடுது." பெண்கள் அதையே குசினிக்குள் மெதுவாகச் சொல்வார்கள்: "பூட்டியின்ர தாய் துரை வீட்டிலை வேலைக்கு நிண்டவவாம்." ஒரே கதைதான். ஆண்கள் வாயில் அது அந்தஸ்து, பெண்கள் வாயில் ஒரு தாயின் நடத்தை பற்றிய சந்தேகம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வாழ்ந்த ஒருத்தி, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல வழியில்லாமல் இந்தச் சந்தேகத்தைச் சுமந்துகொண்டே இருந்தாள். ஊர்ப் பேச்சு ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது இதை வாசிக்கும் எங்களில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எச்சிலில் இருந்த விடை

தங்கச்சி 2024இல் தன் தாய்க்கு, அதாவது எங்கள் சின்னம்மாவுக்கு, மரபணுச் சோதனை செய்வித்தாள். டி.என்.ஏ. சோதனை என்று சொல்வார்கள். ஒரு சிறு குழாய்க்குள் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். சில வாரங்களில் முடிவு வரும்.

அவள் தன் எச்சிலை அனுப்பாமல் தாயின் எச்சிலை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி மரபணு வருகிறது. ஆகவே ஒரு முன்னோரின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை ஏறக்குறையப் பாதியாகக் குறையும். பேரப் பிள்ளையிடம் கால் பங்கு, பூட்டப் பிள்ளையிடம் அரைக்கால் பங்கு. ஏழெட்டுத் தலைமுறைக்கு அப்பால் ஒரு முன்னோரின் அடையாளம் ஒருவரில் இல்லாமலே போகலாம். அதனால் குடும்பத்தில் மிக வயது கூடியவரைச் சோதிப்பதே நல்லது.

பூட்டியின் தகப்பன் ஓர் ஆங்கிலேயர் என்றால், சின்னம்மாவின் உடலில் சராசரி 100இல் 6 பங்கு அவருடையதாக இருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் சோதனையில் தெரியாமல் போக வாய்ப்பு மிகக் குறைவு. வந்த முடிவில் ஐரோப்பா என்ற பேச்சே இல்லை. முழுவதும் தென்னிந்தியாவும் இலங்கையும்.

"அக்கா, அம்மாவிலை ஒரு துளி வெள்ளைக்காரனும் இல்லையாம். அப்ப அந்தப் பேர் எங்கையிருந்து வந்தது?" என்று தங்கச்சி தொலைபேசியில் கேட்டாள்.

நல்ல கேள்வி. இரத்தம் வராமல் பெயர் மட்டும் எப்படி வரும்?

பெயர் வந்த வழி

இதற்கு விடை எங்கள் யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றிலேயே இருக்கிறது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. அந்தப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் படிப்புக்கும் அமெரிக்காவில் உள்ள சபைகளும் தனியாட்களும் காசு அனுப்பினார்கள். காசு அனுப்பியவர், தான் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரைச் சூட்டலாம். தன் பெயரையோ, தான் மதித்த ஒரு போதகரின் பெயரையோ, இறந்துபோன ஓர் உறவினரின் பெயரையோ கொடுத்தார்கள். இங்கே அந்தப் பெயர் பிள்ளையின் மீது ஒட்டிக்கொண்டது.

1841இல் 'உதயதாரகை' பத்திரிகை தொடங்கியபோது அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்தால் வெள்ளைக்காரர் என்று தோன்றும். இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத் தமிழர். 'பாவலர் சரித்திர தீபகம்' என்ற நூலை 1886இல் வெளியிட்ட சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னோல்ட் என்றும் பெயர். சிதம்பரப்பிள்ளை என்ற அறிஞருக்கு நெவின்ஸ் என்று பெயர். அவர் மகன் நெவின்ஸ் செல்வதுரை பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். சைவப் பிள்ளைகளுக்கென எழுந்த கல்லூரியின் அதிபர் பெயரில் ஓர் அமெரிக்கப் பெயர் இருந்தது, ஊர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாங்கள் இராச வீதியில் போகும்போது கிழக்கே விட்டுவந்த சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்று அறியப்பட்டார்.

இவர்கள் ஆண்கள். புத்தகம் எழுதினார்கள், உத்தியோகம் பார்த்தார்கள். ஆகவே அவர்களுடைய தமிழ்ப் பெயரும் ஆங்கிலப் பெயரும் இரண்டும் நிலைத்தன. உடுவிலில் படித்த பெண்பிள்ளைகளுக்கும் அப்படியே பெயர் மாறியது. 1840இல் வந்து நாற்பது ஆண்டுக் காலம் உடுவிலில் பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையாரை ஆயிரம் பெண்களின் தாய் என்று சொல்வார்கள். அந்த ஆயிரம் பெண்களில் எத்தனை பேருடைய வீட்டுப் பெயர் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்?

தங்கச்சி லண்டனில் இருந்தபடியே, அமெரிக்க மிசன் சங்கம் வெளியிட்ட பழைய மாத இதழ்களை இணையத்தில் தேடினாள். அவற்றின் கடைசிப் பக்கங்களில் எந்த ஊரிலிருந்து யார் எவ்வளவு காசு கொடுத்தார்கள், இலங்கையில் எந்தப் பிள்ளைக்காகக் கொடுத்தார்கள் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அங்கே எங்கள் பூட்டியின் அதே இரண்டு சொற் பெயர் இருந்தது. மசாசுசெற்ஸ் மாநிலத்து ஊர் ஒன்றின் பெண்கள் கொடுத்த காசு அது. அந்தப் பெயர் அவர்களுடைய ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பகுதியை நியூ இங்கிலாந்து என்று அழைப்பார்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் முதற் சொல் உதிர்ந்து இங்கிலாந்து மட்டும் மிஞ்சியிருக்கலாம். எங்கள் வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த ஆங்கிலத் துரை ஒரு துரையே அல்ல. அது இந்த மண்ணில் கால் வைக்காத ஒரு பெண்ணின் பெயர்.

பெரியம்மாவின் உறுதிக் கட்டு

அப்படியானால் பூட்டியின் உண்மையான தாய் தகப்பன் யார்? அதற்குத்தான் அச்சுவேலிக்குப் போனோம். அங்கே 91 வயதில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தமக்கை. முற்றத்தில் கதிரை போட்டு எங்களை இருத்தி, தேத்தண்ணி தந்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் உள்ளே போய் ஒரு துணிக் கட்டைக் கொண்டுவந்தார்.

அது உறுதிக் கட்டு. 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது பெரியம்மா கொண்டுபோனவை மூன்று: பேரப்பிள்ளை, ஒரு பை அரிசி, இந்தக் கட்டு. நகை கொஞ்சம் வீட்டில் விடுபட்டதாம். "நகை போனால் திருப்பிச் செய்யலாம், உறுதி போனால் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?" என்றார்.

தேசவழமைச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டின் பெறுமதி விளங்கும். எங்கள் வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தார்கள். அதன்படி பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி அவளுடைய சொத்து. பெரும்பாலும் அது தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு என்று இறங்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாறுவதானால் நொத்தாரிசு முன் உறுதி முடிக்க வேண்டும். ஆகவே பாடசாலை இடாப்பும் பத்திரிகையும் மறந்த பெண்களை உறுதி மறக்கவில்லை. இன்னாரின் மகள், இன்னாரின் பெண்சாதி என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறது.

பெரியம்மாவின் உறுதி, அதன் கீழ் அவருடைய தாயின் உறுதி, அதன் கீழ் அம்மம்மாவின் உறுதி என்று ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அடியில் இருந்தது 1861ஆம் ஆண்டின் சீதன உறுதி. மடிப்பில் கிழிந்து, பூச்சி அரித்து, எழுத்து மங்கி இருந்தது. தங்கச்சிக்கு அந்தப் பழைய கையெழுத்து ஓடவில்லை. பெரியம்மா பூதக்கண்ணாடி வைத்துத் தட்டித் தட்டி வாசித்தார். பத்துப் பரப்புத் தோட்டக் காணி, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால், பனைகள். கொடுப்பவர்கள் அச்சுவேலியில் இருக்கும் ஒரு கமக்காரரும் அவர் பெண்சாதியும். பெறுபவள் அவர்களுடைய மகள். அந்த ஆங்கிலப் பெயர் முதலிலும், 'என்ற' என்ற சொல்லுக்குப் பின்னால் அவளுடைய வீட்டுப் பெயரும் எழுதப்பட்டிருந்தன. 'முத்து' என்று முடியும் ஓர் அழகான பெயர். தகப்பனும் தாயும் உறுதியில் சேர்ந்தே அடையாளம் இட்டிருந்தார்கள்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பாவம் மனுசி, எவ்வளவு காலம் சும்மா கதைச்சுப்போட்டம்" என்றார். பிறகு பூட்டியின் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். எங்களையும் சொல்லச் சொன்னார்.

இரத்தமும் காணியும் போகும் ஒரே வழி

திரும்பி வரும்போது தங்கச்சி ஒரு விஷயம் சொன்னாள். மரபணுவில் ஒரு பகுதி தாயிடமிருந்து மட்டும் வருகிறதாம். தாய் அதை மகனுக்கும் மகளுக்கும் கொடுக்கிறாள், ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதைக் கொடுக்க மகளால் மட்டுமே முடியும். பூட்டியிடமிருந்து அவர் மகளுக்கு, அவரிடமிருந்து அம்மம்மாவுக்கு, பிறகு சின்னம்மாவுக்கு, தங்கச்சிக்கு. எங்கள் சீதனக் காணி இறங்கிய அதே வழி. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் பகுதியும் ஒன்று உண்டு. ஆண்வழி தேடுபவர்கள் அதைப் பார்ப்பார்கள்.

எங்கள் பூட்டியின் தாய் மீது இருந்த சொல் நீங்கியது எனக்கு நிம்மதி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. உண்மையாகவே வெள்ளைக்காரத் துரைக்குப் பிள்ளை பெற்ற பெண்கள் இருந்தார்கள். மலையகத் தோட்டங்களிலும் அசாம், டார்ஜிலிங் தோட்டங்களிலும் அப்படிப் பிறந்த பிள்ளைகள் பலர். துரைக்கு முன் அந்தத் தொழிலாளப் பெண்ணுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் கலிம்போங்கில் கிரஹாம் என்ற ஸ்கொட்லாந்துப் போதகர் 1900இல் தொடங்கிய இல்லத்தில் இப்படியான பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1908 முதல் 1938 வரை அவர்களில் ஏறத்தாழ 130 பேர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் பேத்தியான ஜேன் மக்கேப் என்ற வரலாற்றாசிரியர் இது பற்றி 2017இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் குடும்பங்களில் துரையின் பெயரைக் கண்டுபிடிக்கலாம். தாயின் பெயரைக் கண்டுபிடிப்பதே கடினம். எங்கள் கதைக்கு அது மறுபக்கம். இரண்டிலும் தொலைந்தது பெண்ணின் பெயர்தான்.

எங்களுக்கு இது ஏன்?

சாப்பாட்டுக்கும் வேலைக்கும் அலையும் எங்களுக்குப் பூட்டியின் பெயர் என்னத்துக்கு என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தேடலுக்குப் பயன்பட்ட பத்திரமும் சோதனையும் எங்கள் இன்றைய வாழ்வுக்கும் தேவையானவை.

2004 மார்கழிச் சுனாமியில் கல்முனையில் உயிரோடு மீட்கப்பட்ட ஒரு குழந்தையை 'பேபி 81' என்று அழைத்தார்கள். உரிமை கோரிய தாய் தகப்பனிடம் காட்டப் பத்திரம் ஒன்றும் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. 2005 மாசியில் மரபணுச் சோதனையே அவர்கள்தான் பெற்றோர் என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்தது. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. கூட எடுத்த பொருட்களை ஆவணியில் மக்களுக்குக் காட்டினார்கள். தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள். உடுப்பும் பையும் உக்கிப் போகும். எலும்பு யாருடையது என்று சொல்ல, தாயின் அல்லது உடன்பிறந்தவரின் மரபணுவோடு ஒப்பிட வேண்டும். தாய்மாருக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய மாதிரியை முறைப்படி, நம்பிக்கையான கையில், அவர்கள் சம்மதத்தோடு எடுத்து வைக்க வேண்டும் என்று நாங்கள் சேர்ந்து கேட்பது நியாயமான கோரிக்கை.

வெளிநாட்டு உறவினர் எச்சில் குழாயை நீட்டினால் உடனே துப்பிவிடவும் வேண்டாம். வீதக் கணக்கு என்பது பிறரோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. எதிர்பாராத குடும்ப இரகசியம் வெளிப்பட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குழப்பவும் கூடும். 2023இல் அமெரிக்காவின் பெரிய சோதனைக் கம்பனி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. 2025 பங்குனியில் அதே கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. உங்கள் உடலின் விபரம் யாரிடம் போகிறது, அதை அழிக்கச் சொல்லலாமா என்று கேட்டறிந்து, விரும்பினால் மட்டும் செய்யுங்கள்.

ஆனால் காசில்லாமல் எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் தாய், அம்மம்மா, அவருடைய தாய் என்று தாய்வழியை முதலில் எழுதுங்கள். பிறகு தகப்பன்வழி. பெயர், வீட்டுப் பெயர், ஊர், பிறந்த வருடம், படித்த பாடசாலை, எந்த வருடம் எங்கே இடம்பெயர்ந்தார் என்பன போதும். உறுதி இருந்தால் அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மூலம் தொலைந்தாலும் காணிப் பதிவகத்தில் தேட அது உதவும். காணியும் உறுதியும் இல்லாத சகோதரிகளுக்குப் பாடசாலை இடாப்பு, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, பழைய பங்கீட்டு அட்டை, முகாம் பதிவு எல்லாமே சாட்சிகள்தான். பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளை இருந்தால் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவுக்கு இன்றே விசாரியுங்கள். தகப்பன் பெயர் எழுத முடியவில்லையே என்று வெட்கப்பட்டுப் பதிவைத் தள்ளிப் போட வேண்டாம். பிள்ளைக்குப் பத்திரம் முக்கியம்.

எழுதும்போது குழுவாக இருந்து எழுதினால் இன்னும் நல்லது. ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவுபடுத்துவார். ஊர்ப் பழங்கதை ஒன்று உங்கள் வீட்டுப் பெண் யாரைப் பற்றியாவது இருந்தால், அதைச் சொன்னவர் யார், அதற்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். உங்கள் அம்மம்மாவின் தாய்க்கு என்ன பெயர்? தெரியாவிட்டால், சொல்லக்கூடியவர் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.